மேல்வீட்டுச் சுதந்திரவாதி

அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பதுளையை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். "சில காலம் மலைநாட்டில் ஆசிரியராக இருந்தார்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சில காலமும் அவர் குடியிருந்தது எங்கள் வீட்டு மேல்மாடியில். நான் வீட்டுக்காரன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதை காரணமல்ல, அந்தப் பெயர் ஏற்கெனவே போதிய அளவு அச்சாகிவிட்டது.

வீடு என் அப்பா வாங்கியது. அப்பா மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கங்காணி. இந்தியாவிலிருந்து ஆள் பிடித்து வந்து, அந்த ஆட்களின் உழைப்பில் தன் பங்கை ஒழுங்காக எடுத்து, டவுனில் இரண்டு தட்டு வீடு வாங்கினார். என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தார். அவருடைய சொந்தத் தங்கை, என் அத்தை, அதே தோட்டத்தில் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் இருந்துகொண்டு கடைசிவரை தேயிலைக் கொழுந்து பறித்தாள். ஆகையால் யாருக்கும் கை சுத்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இனி எவருடைய கை எவ்வளவு அழுக்கு என்பதுதான் விஷயம்.

நான் ஒரு புரொக்டருடைய கந்தோரில், அதாவது வழக்கறிஞர் அலுவலகத்தில், கிளார்க். எந்த மனுவை எந்த மேசையில் வைத்தால் நகரும், எந்த மேசையில் வைத்தால் அங்கேயே கிடந்து தூசி பிடிக்கும், எதிரி எப்போது தவணை கேட்பான், எப்போது கேட்கமுடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எது நியாயம் என்பது என் வேலையில் சேர்ந்ததல்ல. அதற்கு மேல்மாடியில் ஆள் இருந்தார்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவர் குடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் பட்டம் பெற்றவர், டவுனில் ஒரு கல்லூரியில் ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒரு பெட்டி துணியும் மாட்டுவண்டி நிறையப் புத்தகமுமாக வந்து இறங்கினார்.

அவருடைய கொள்கை சுருக்கமானது. ஒருவனுடைய உடம்பும் உழைப்பும் சொத்தும் அவனுடையவை. அவற்றில் அரசாங்கம் கைவைத்தால் அது திருட்டு. வரி திருட்டு. பென்ஷனுக்கென்று சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிப்பது திருட்டு. அரிசிக் கூப்பன் அடிமைச் சங்கிலி. அந்தச் சங்கிலியை அவருடைய சமையல்காரன் கிழமைதோறும் கூட்டுறவுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் அரிசி வாங்கிவந்தான். அரசாங்க உதவி பெறும் கல்லூரியில்தான் சம்பளமும் வாங்கினார். கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். பின்னேரங்களில் இறங்கிவந்து வாசற்கதவில் சாய்ந்துகொண்டு என்னைச் சீண்டுவார்.

"தம்பி, நீர் கோட்டுக் கச்சேரி எண்டு திரியிறனீர். சொல்லும் பாப்பம், கள்ளனுக்கும் கவுண்மேந்துக்கும் என்ன வித்தியாசம்?"

"கள்ளன் ரசீது குடுக்கமாட்டான், மாஸ்டர்."

அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த வாரம் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையில் அவர் கட்டுரையில் அந்தப் பதில் இருந்தது. என் பேச்சு என்று அதில் போடவில்லை. சொத்துரிமை பற்றி எழுதுகிறவர் இதைக் கவனிக்கவில்லை.

ஒன்றை மறைக்கமாட்டேன். தோட்டத்து ஜனங்களின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் எடுத்தபோது, அரசாங்கத்தைத் திட்டி அவர் எழுதினார். ஒரு மனிதனுக்கு இன்ன நாட்டான் என்று முத்திரை குத்த அரசாங்கம் யார் என்று கேட்டார். படித்த யாழ்ப்பாணத்தார் பலர் வாயே திறக்காதிருந்த நேரம் அது. நான் அவரை மதித்தேன். பிறகு எனக்கு வந்த கோபத்துக்கெல்லாம் அந்த மதிப்புதான் முதல்.

அவருடைய கட்டுரைகள் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாருக்கும் பிடித்துப்போயின. தங்கள் கிளப்பில் வந்து பேசச் சொன்னார்கள். கறுப்புத் தோலை அங்கத்தவராகச் சேர்க்காத கிளப். குசினிப் பக்கத்து வராந்தா வழியாகத்தான் உள்ளே விட்டார்களாம். அதை அவரே கூச்சமில்லாமல் வந்து சொன்னார்.

"அது அவையின்ரை கிளப், தம்பி. ஆரை எந்த வழியாலை விடுறதெண்டு தீர்மானிக்கிறது அவையின்ரை உரிமை."

தன் அவமானத்துக்கே தத்துவம் கண்டுபிடித்த மனிதர். மற்றவனுடைய அவமானத்துக்குக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகாது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கிளப்பில் ஒரு துரையோடு பழக்கமாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாவுக்குப் போய்ச் சதுரங்கம் ஆடுவார். அந்தத் துரையின் தோட்டத்தில்தான் என் தங்கச்சி இருந்தாள்.

தங்கச்சியை அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு நாள் காலை பெரட்டுக்களத்தில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் நேரம், தொழிற்சங்கத்தின் சார்பில் துரையிடம் ஏதோ கேட்டுவிட்டார். சாயங்காலமே கையில் பத்துச்சீட்டு. வேலையிலிருந்து நிறுத்திய சீட்டு. வேலை போனால் லயத்தில் குடியிருக்கும் காம்பரா அறையும் போகும், தோட்டத்துக்குள் கால் வைக்கும் அனுமதியும் போகும். தங்கச்சியின் பெயர் வேலையாட்களைப் பதியும் செக்ரோலில் இருந்ததால் அவளும் அத்தையும் காம்பராவில் இருந்துகொள்ளலாம். மச்சான் மட்டும் வெளியே. அத்தை படுத்த படுக்கையாகக் கிடந்தாள். மடுல்சீமை ரோட்டில் லொறியில் ஏற்றினால் பாதி வழியிலேயே உயிர் போய்விடும் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார். மச்சான் கடைவீதியில் ஒரு கடைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தார். அங்கே நின்றால் மேலே லயத்துக் கூரை தெரியும்.

அத்தைக்குத் தண்ணீர் இறங்கவில்லை, மகனைக் கேட்கிறாள் என்று தங்கச்சி ஆள் அனுப்பினாள். மச்சான் துரையிடம் கேட்டுப்பார்த்தார், விடமாட்டேன் என்றுவிட்டார். பஸ் பிடித்து என்னிடம் வந்தார். எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையும் அங்கே செல்லாது. தோட்டம் தனியார் சொத்து. துரை மனம் வைத்தால்தான் உண்டு. நான் மேல்மாடி ஏறினேன்.

"மாஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா தொரை விட்டுருவாரு. ஒரு தடவை மொகத்தைப் பாத்துட்டு வெளிய வந்துருவாரு."

"விடுவார். எனக்குத் தெரியும்."

"அப்ப சொல்லுங்க."

"அதாலைதான் சொல்லேலாது. நான் கேட்டு அவர் விட்டால், அவரின்ரை உரிமை என்ரை தயவிலை தொங்குது எண்டு ஆகும். இண்டைக்கு நான் கேப்பன். நாளைக்கு ஊரெல்லாம் வந்து கேக்கும். வேலியெண்டால் எல்லாருக்கும் வேலி."

"சாகக் கெடக்கறது பெத்த தாய், மாஸ்டர்."

"விளங்குது, தம்பி. எனக்கும் கவலைதான். ஆனால் கவலை ஒரு உரிமை இல்லை."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. கல்நெஞ்சன் என்றால் விட்டுவிடலாம். அழுதுகொண்டே கதவைச் சாத்துகிறவனை என்ன செய்வது?

மச்சான் விடியற்காலைப் பனியில் தேயிலைக்குள் புகுந்து மேலே ஏறினார். லயத்துக்குக் கிட்டே காவல் நின்ற வாச்சர்கள் பிடித்துப் பொலிஸில் கொடுத்தார்கள். மறுநாள் அத்தை இறந்தாள். பெரட்டு வழக்கம்போல நடந்தது. தப்பு அடித்தார்கள். மகன் உடைக்கவேண்டிய கொள்ளிக்குடத்தைப் பக்கத்துக் காம்பராக்காரர் உடைத்தார். மச்சான் மொட்டையடித்துக்கொண்டதெல்லாம் பிணையில் வந்த பிறகுதான். அந்த மொட்டைத் தலையோடுதான் குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

அத்துமீறி நுழைந்த வழக்கு. சும்மா நுழைந்தால் அது குற்றமல்ல. இடத்துக்காரரைத் தொந்தரவு செய்யும் நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் புரொக்டர் அதை எடுத்து நன்றாகவே வாதாடினார். தாயின் முகத்தைப் பார்க்கப் போனவன் துரையைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடுதான் போனான் என்று கோர்ட் முடிவுசெய்தது. அபராதம். நான் கட்டினேன். செலவுக்காக இதைச் சொல்லவில்லை; அது என் வழக்காகவும் ஆகிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு மாஸ்டரின் கட்டுரை வந்தது.

கோர்ட் வராந்தாவில் நின்று படித்தேன். ஒரு தொழிலாளி, சாகக் கிடக்கும் அவன் தாய், உள்ளே விட மறுக்கும் உரிமையாளர். வாசகருடைய நெஞ்சு அந்த மகன் பக்கம்தான் நிற்கும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கென ஒரு பத்தி முழுக்க இரங்கி, அடுத்த பத்தியில் அந்த நெஞ்சைத் தர்க்கத்தால் நறுக்கியிருந்தார். எல்லாவற்றிலும் கடினமான உதாரணத்தில் நிற்காத உரிமை உரிமையே அல்ல என்பது முடிவு. நல்ல ஆங்கிலம். எங்கும் ஒரு சொல் அதிகமில்லை. துரைமார் அதைச் சிறு புத்தகமாக அச்சடித்து எங்கும் அனுப்பினார்கள். வெளிநாட்டில் யார் யாரோ அவருக்கு எழுத ஆரம்பித்தார்கள். இன்று அவருடைய சிந்தனையின் முதற்படி என்று சொல்லப்படுவது அந்தக் கட்டுரை. முதற்படிக்குக் கல் எங்கள் அத்தை.

தங்கச்சியும் மச்சானும் தோட்டத்தை விட்டுவந்து எங்கள் கீழ்வீட்டின் பின்னறையில் தங்கினார்கள். மாஸ்டர் படியில் மச்சானைக் காணும்போதெல்லாம் நின்று, "என்ன, சுகமோ?" என்று அன்பாகக் கேட்பார். வெட்கமில்லையா என்று முதலில் நினைத்தேன். அப்படியல்ல. அவருக்குக் கட்டுரையிலிருந்தவன் வேறு ஆள், படியில் நின்றவன் வேறு ஆள். மச்சான் ஆங்கிலம் படித்தவரல்ல. கட்டுரையை நான் தமிழில் சொல்லிக் கேட்டிருந்தார். "இருக்கேங்க" என்பார், அவ்வளவுதான்.

மாஸ்டரை அன்றைக்கே வெளியேறச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்திருந்த காலம். குடியிருப்பவரை நினைத்தபடி எழுப்பமுடியாது. அவர் அதைப் பிடித்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெறுமனே பிடித்துக்கொண்டால் போதாது. எப்படிப் பிடிக்கவேண்டும் என்று நான் விரும்பினேனோ அப்படிப் பிடிக்கவேண்டும். அதற்குக் காத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தாய் வந்தார். இவர் ஒரே மகன். அந்த அம்மாவுக்கு மூச்சிழுப்பு. ரயிலில் வந்த அலைச்சலில் மோசமாகி, மேல்மாடியில் படுத்துவிட்டார். அசைக்கக்கூடாது என்று டவுன் டாக்டர் சொன்னார். டாக்டர் படியிறங்கிப் போனபின் நான் கந்தோருக்குப் போய், வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸைத் தட்டச்சு செய்தேன்.

தங்கச்சிக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான்.

"ஏண்ணே, அந்தம்மா என்ன பண்ணுச்சு உனக்கு?"

"ஒண்ணும் பண்ணல. அத்தை யாருக்கு என்ன பண்ணுச்சு?"

அவள் கெண்டியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். அன்று எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன், நன்றாகப் பசித்தது.

மாஸ்டர் நோட்டீஸோடு இறங்கிவந்தார்.

"தம்பி, இது உம்மடை வீடு. போகச் சொல்ல உமக்கு உரிமை இருக்கு. கொள்கை அளவிலை எனக்கு மறுப்பு இல்லை."

"ரொம்ப சந்தோஷம், மாஸ்டர். எப்ப போறீங்க?"

"அம்மாவின்ரை நிலைமை உமக்குத் தெரியும்தானே..."

"தெரியும். எனக்கும் கவலைதான்."

 தன்னுடைய வாக்கியம் என்பது அவருக்கு நினைவு வந்ததா என்று முகத்தில் தேடினேன், தெரியவில்லை. மறுநாள் ஒரு புரொக்டரைப் பிடித்தார். வாடகைச் சட்டத்தின்படி வெளியேற முடியாது என்று பதில் வந்தது. அரசாங்கம் வைத்த வேலிக்குள் போய் நின்றுகொண்டார்.

இனி என் பக்கத்து நடைமுறை. என் குடும்பத்துக்கே இடம் தேவை என்று சொல்லி நான் நேராகக் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். தங்கச்சி குடும்பம் பின்னறையில் நெருக்கியடித்துக் கிடந்தது. வழக்கில் பலமும் இருந்தது. போகவில்லை. கோர்ட்டில் வக்கீல்கள் பேசுவார்கள், ஒவ்வொரு கேள்விக்கும் ஒருவர் எழுந்து ஆட்சேபிப்பார். வீட்டு வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வாடகைச் சபையில் அவ்வளவு கெடுபிடி இல்லை. விண்ணப்பித்தவனே எழுந்து நின்று எதிராளியைக் கேள்வி கேட்கலாம். பதிலைத் தலைவர் தன் கையால் எழுதிக்கொள்வார். ஜெயிக்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டு, கேள்வி கேட்கக்கூடிய இடத்துக்கு விண்ணப்பித்தேன். எங்கள் புரொக்டர் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்.

விசாரணையன்று மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசை வாங்குப் பலகையில் உட்காரவைத்தேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மாஸ்டரின் புரொக்டர் டாக்டரின் கருத்தைச் சொன்னார். மகனுடைய கடமையைச் சொன்னார். வீட்டுக்காரரின் ஈவிரக்கமின்மையைச் சொன்னார். தலைவர், ஓய்வுபெற்ற ஒரு சிங்களக் கனவான், என்னை அருவருப்போடு பார்த்தார். நான் எழுந்தேன்.

இந்த வீடு யாருடையது என்று கேட்டேன்.

"உங்களுடையது."

"உங்களைப் போகச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?"

"பொதுவாக உண்டு."

"இப்போது ஏன் இல்லை?"

"என் தாயை அசைத்தால் உயிருக்கு ஆபத்து."

"அது உங்கள் கவலை. கவலை ஒரு உரிமையா?"

அவருடைய புரொக்டர் ஆட்சேபித்தார். தலைவர், பதில் வரட்டும் என்றார். பதில் வருமுன் நான் அடுத்ததையும் கேட்டுவிட்டேன்.

"தாய் சாகக் கிடக்கிறாள். மகன் அவளருகில் இருக்க வேண்டும் என்கிறான். இடத்துக்குச் சொந்தக்காரன், இது என் இடம், நீ இருக்கக்கூடாது என்கிறான். அவன் அப்படிச் சொல்லலாமா?"

இப்போது புரிந்துகொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். 'சொல்லலாம்' என்றால் வீடு போகும், அந்த நிலையில் தாயைப் படியில் இறக்கவேண்டும். 'சொல்லக்கூடாது' என்றால் கட்டுரை போகும். கதவுக்கு வெளியே யாரோ பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். தலைவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்படிப்பட்ட நிலைமையில்," என்றார் மாஸ்டர், "சொல்லக்கூடாது."

"எழுதிக்கொண்டீர்களா?" என்று தலைவரைக் கேட்டேன்.

"எழுதியாயிற்று."

"என் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்."

சபையின் நேரத்தை வீணாக்கியதற்காகத் தலைவர் என்னைச் சத்தம்போட்டார். அவ்வளவு இனிமையான ஏச்சை நான் அதற்குமுன் கேட்டதில்லை. வெளியே வந்ததும் மச்சானுக்குத் தமிழில் சொன்னேன். "சரி, மச்சான்" என்றார். 

விசாரணைக் குறிப்பின் பிரதிகளுக்கு விண்ணப்பித்து, முத்திரையோடு பெற்றேன். ஒன்று பத்திரிகைக்கு, அவர்கள் போடவில்லை. ஒன்று துரைமாரின் கிளப்புக்கு. அங்கே படித்தார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டர் சதுரங்கம் ஆடப் போகவில்லை. பின்னேரங்களில் இறங்கிவந்து வாசற்கதவில் சாய்வதும் நின்றது. அந்த அம்மா தேறினார். தங்கச்சியின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, மகனோடு ரயிலேறிப் போனார். அடுத்த வருஷம் மாஸ்டர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அந்தச் சிறு புத்தகத்தைப் படித்தவர்கள்தான் கூப்பிட்டார்கள். வாடகைச் சபையின் குறிப்பை அவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. விலாசம் கிடைத்திருந்தால் அனுப்பியிருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. கந்தோர் வேலையாகக் கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பழைய கட்டுரை அதில் ஒரு அத்தியாயமாகியிருந்தது. வாதம் அதே வாதம், வாக்கியங்கள்கூடப் பல அவையே. உதாரணம் மட்டும் மாறியிருந்தது. தொழிலாளி இல்லை, தாய் இல்லை. ஒரு வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்க ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான், வீட்டுக்காரர் திறக்கவில்லை. நூலகத்தில் இருக்கிறோம் என்பதை மறந்து சிரித்துவிட்டேன். எவ்வளவு தூரம் போயும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. உலகம் புகழும் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நான் கிழித்துவிட்டேன். கிழித்தது யார் என்று தெரிந்தவர் எழுதியவர் ஒருவரே.

இதை மச்சானிடம் சொல்வதற்காகவே திரும்பும் வழியில் பண்டாரவளையில் இறங்கினேன். அப்போது அவருக்கு அங்கே மார்க்கெட்டில் ஒரு மரக்கறிக் கடை இருந்தது. லீக்ஸின் மேல்தோலை உரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கட்டியபடியே இருந்தார்.

"அப்ப எங்கம்மா அதுல இல்லையா?"

"இல்ல. எடுத்துட்டாரு. பயந்துட்டாரு, மச்சான். நாம ஜெயிச்சிட்டோம்."

கட்டை ஓரமாக வைத்தார்.

"அங்கேருந்தும் வெளிய போகச் சொல்லிட்டாரா?"

எனக்கு அவர்மேல்கூடக் கோபம் வந்தது. பத்து வருஷ வேலையை இப்படியா பார்ப்பது? என்னதான் வேணும் உங்களுக்கு என்று கேட்டேன்.

"எனக்கு என்ன வேணும்? அந்தாளு தப்பாவாவது அம்மாவைச் சொன்னாரு. வேற யாரு சொன்னா?" அடுத்த கட்டுக்கு நாரை எடுத்தார். "நீ படிச்சவன், மச்சான். அந்தாளை எழுதறதா இருந்தா எழுது, வேணாங்கல. அதோட இதையும் எழுது. அம்மா தண்ணிப் பீலிக்கரை லயத்துல கெடந்துச்சு. கடைசிக் காம்பரா. என்னையப் புடிச்ச எடத்துலேருந்து கதவு தெரிஞ்சிச்சு. தெறந்துதான் இருந்துச்சு."

லீக்ஸ் வாங்க ஆள் வந்தது. அவர் தராசைத் தூக்கினார்.